உஷார்! பரணிலிருந்து இறக்கிய பழைய கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள்

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ உங்கள் வீட்டுப் பரணில் 1980களின் கம்ப்யூட்டர் ஒன்று கிடக்கிறதா? நல்ல விலைக்குப் போகும் என்று யாரோ சொல்ல, தூசி தட்டி மேசையில் வைத்துவிட்டீர்களா? பிளக்கை மட்டும் செருகிவிடாதீர்கள். வாங்க வருபவர், "ஓடுதா? ஆன் பண்ணி வீடியோ அனுப்புங்க" என்றுதான் முதலில் கேட்பார். அவர் அவசரத்துக்கு நீங்கள் சுவிட்சைத் தட்டினால், விற்க வைத்திருந்த பொருளே போய்விடலாம்.

பிபிசி மைக்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1984இல் மத்திய அரசு பள்ளிகளுக்காகத் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் வந்த மெஷின் அது. அதன் பவர் சப்ளைக்குள் ‘ரிஃபா’ என்று பெயர் பொறித்த கெப்பாசிட்டர்கள் இருக்கும். மேலோடு கண்ணாடி மாதிரி, பழுப்பு மஞ்சள் நிறம். மெயின்ஸ் கரண்ட் நேராக அவற்றுக்குத்தான் வருகிறது. உள்ளே சுற்றியிருப்பது காகிதம். வயதானால் மேலோட்டில் மயிரிழை போல விரிசல் விடும், அந்த வழியாக ஈரம் காகிதத்தில் இறங்கும். இரவும் பகலும் உப்புக்காற்று வீசும் நம் பக்கத்தில் ஈரத்துக்கா பஞ்சம்? கரண்ட் கொடுத்த சில நிமிடங்களில் கெப்பாசிட்டர் வெடித்து, வீடு முழுக்கப் புகை அடைத்துவிடலாம். பல நேரம் மெஷின் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்த நெடி லேசில் போகாது, மூடியைத் திறந்ததுமே வாங்குபவர் விலையைக் குறைப்பார். முன்னாலேயே அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றிவிடுங்கள். ரிச்சி தெருவில் ‘எக்ஸ்2’ முத்திரையும் 275 வோல்ட் ஏசி என்ற குறிப்பும் உள்ள கெப்பாசிட்டரைக் கேட்டு வாங்குங்கள். மலிவாக இருக்கிறதே என்று சாதாரணக் கெப்பாசிட்டரை அந்த இடத்தில் சால்டர் செய்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

கப்பலில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்ததா? பர்மா பஜாரில் வாங்கியதா? அப்படியானால் அடாப்டரின் அடியில் எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். அமெரிக்கச் சந்தைக்குச் செய்தது 110–120 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230 வோல்ட்டில் அது கருகிவிடும். கமடோர் 64 என்றால், வோல்டேஜ் பொருந்தினாலும் அதன் பழைய அடாப்டரை நம்பாதீர்கள். 5 வோல்ட் தரவேண்டிய அது, உள்ளே ரெகுலேட்டர் கெட்டதும் கூடுதலாகத் தள்ளும், மெமரி சிப்கள் செத்துப்போகும். மெஷினில் மாட்டுமுன் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 5.25ஐத் தாண்டினால் அந்த அடாப்டர் குப்பைக்குத்தான். ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரில் ஆபத்து வேறு மாதிரி. அதன் 9 வோல்ட் பிளக்கில் நடுமுனை நெகட்டிவ். இன்றைய அடாப்டர்களில் பெரும்பாலும் அதுதான் பாசிட்டிவ். பிளக் சரியாகப் பொருந்துகிறதே என்று மாட்டினால் மெஷின் அதோடு காலி.

இனி உயிர் விஷயம். பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளை தகரப் பெட்டிக்குள் தனியாக இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஏறத்தாழ 320 வோல்ட் தங்கியிருக்கலாம். பழக்கமில்லாத கை அதைத் திறக்கவே கூடாது. கூட வந்த பழைய பிக்சர் டியூப் மானிட்டரின் பின்மூடியையும் தொடாதீர்கள், அங்கே நிற்பது ஆயிரக்கணக்கான வோல்ட். அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் சீரிஸ் பல்ப் போர்டில், அதாவது ஒரு பல்ப் வழியாகவே கரண்ட் போகும்படி, சற்று நேரம் கொடுத்துப் பார்ப்பார். பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். அப்படிச் செய்யாமல் நேராகச் சுவரில் செருகுகிறவரிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்ததே, அந்தத் தண்ணீரில் நின்ற மெஷின் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பார்க்கக் காய்ந்திருக்கும். ஆனால் போர்டில் படிந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சிப் கால்களில் பச்சை பூத்திருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாக உலரவிட்டு, பிறகுதான் மற்ற சோதனை எல்லாம்.

இதற்கெல்லாம் ஆள் கிடைக்கவில்லையா? அப்படியே விற்றுவிடுங்கள். "கரண்ட் கொடுத்துப் பார்க்கவில்லை" என்று வெளிப்படையாகச் சொல்லி, போர்டு, சீரியல் நம்பர், அடாப்டரின் அடிப்பக்கம் மூன்றையும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்புங்கள். கருகிய மெஷினைவிடத் தொடாத மெஷினுக்கு, சேகரிப்பவர்கள் நிச்சயம் கூடுதலாகத் தருவார்கள். ஆன் பண்ணித்தான் காட்ட வேண்டும் என்று வாங்குபவர் அடம்பிடித்தால், மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு அவரையே நேரில் வரச் சொல்லுங்கள்.