சுவரில் மிஞ்சிய பசை: சுரண்டும் முன் சோதியுங்கள்

பள்ளி விடுமுறையில் வீட்டைப் புதுப்பிக்கும்போது, பழைய சுவர்த்தாளை உரிக்கும் வேலை பெரும்பாலும் பிள்ளைகளின் கைக்கு வந்துவிடும். தாள் உரிந்துவிடும்; பசை சுவரிலேயே தங்கிவிடும். காய்ந்த பசை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதன்மேல் சாயம் பூசினால் வெடிப்பு விழும், செதில் செதிலாக உரியும். நம் ஊர் ஈரக்காற்றில் மாவுப்பசை பூஞ்சைக்கும் தீனியாகும்.

பசையை அகற்ற நீர் வேண்டும். அந்த நீர் சூடாக இருக்கலாமா, எவ்வளவு ஊற்றலாம் என்பதைச் சொல்லப் பள்ளியில் படித்த வேதியியல் போதும்.

சுவர் எது?

முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள். கெட்டியாக ஒலித்தால் கான்கிரீட் அல்லது செங்கல். வெற்றுப் பெட்டிபோல் ஒலித்தால் அது பெரும்பாலும் ‘டிரைவால்’ எனப்படும் ஜிப்சம் பலகை. இரண்டு தாள்களுக்கு நடுவே ஜிப்சத்தை வைத்துச் செய்த பலகை அது. நீர் அதிகமானால் மேல்தாள் ஊறிக் கிழியும். உள்ளே இருக்கும் ஜிப்சமும் மென்மையாகிவிடும்.

பசை எது?

சுரண்டி எடுத்த சிறிது பசையைத் தட்டில் வைத்து, ஒரு துளி அயோடின் கரைசல் விடுங்கள். கருநீலமாக மாறினால் அதில் மாவுச்சத்து உண்டு. சுவரில் நேரடியாகச் சோதிக்காதீர்கள். கறை படியும், ஜிப்சம் பலகையிலும் மாவுச்சத்து இருக்கக்கூடும் என்பதால் முடிவும் தவறலாம்.

மாவுப்பசை வெதுவெதுப்பான நீரில் இளகும். கடைகளில் கிடைக்கும் சில பசைநீக்கிகளில் அமிலேஸ் நொதி இருக்கும். சோற்றை மெல்லும்போது அது இனிப்பதற்கு நம் உமிழ்நீரில் உள்ள அமிலேஸே காரணம். 1833ஆம் ஆண்டில் பிரான்சின் பாயன், பெர்சோ இருவரும் பிரித்தெடுத்த நொதியும் இந்த வகைதான். கொதிநீர் நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும்.

நிறம் மாறாவிட்டால் அது மெத்தில் செல்லுலோஸ் பசையாக இருக்கலாம். அதன் குணம் நேர்மாறானது: குளிர்ந்த நீரில் கரையும், சூட்டில் கட்டியாகும். அதற்குக் குழாய்நீரே போதும்.

செய்யும் முறை

• அந்தச் சுவரின் மின்செருகிகளுக்கு வரும் மின்சாரத்தைப் பெரியவர்கள் துண்டிக்கட்டும். தரையில் பழைய துணி விரியுங்கள்.

• ஒரு நேரத்தில் அரை மீட்டர் அகலம் மட்டும், பிழிந்த பஞ்சால் நனையுங்கள். நீர் வழியக்கூடாது. சில நிமிடம் காத்திருங்கள்.

• அகலமான பிளாஸ்டிக் சுரண்டியைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தள்ளுங்கள். வராவிட்டால் மீண்டும் நனையுங்கள், அழுத்திச் சுரண்டாதீர்கள்.

• சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் துடையுங்கள். ஈரக்கையால் தடவும்போது வழுக்கினால் பசை இன்னும் இருக்கிறது.

• சுவர் முழுமையாகக் காய்ந்தபின், முகக்கவசம் அணிந்து, மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். மிகப் பழைய கட்டடமென்றால் தேய்க்க வேண்டாம். பழைய சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும்.

மேல்தாள் கிழிந்து பழுப்பு நிறம் தெரிந்தால், அதன்மேல் நேரடியாகப் பட்டி பூசாதீர்கள். ஈரம் பட்டு அந்த இடம் கொப்பளிக்கும். கிழிசலை அடைப்பதற்கென்றே விற்கப்படும் பிரைமரைப் பூசிக் காயவிட்டு, பிறகு பட்டி பூசிச் சமன்படுத்துங்கள்.

ஒரு சுவருக்கு ஒரு நாள் முழுவதும் ஆகலாம். அவசரப்பட்டுப் பலகையைக் கெடுத்தால், அதை மாற்றும் செலவு பெற்றோர் தலையில் விழும். எனவே கதவுக்குப் பின்னால் ஒரு மூலையில் முதலில் செய்து பார்த்து, பலன் தெரிந்த பிறகு மற்ற இடங்களுக்குச் செல்லுங்கள்.