கால் எட்டாத நாற்காலி

டைனிங் டேபிள் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். தேக்கா, ரப்பர் மரமா? நாலு பேருக்கா, ஆறு பேருக்கா? மேலே கண்ணாடியா, பலகையா? குஷன் உறையைக் கழற்றித் துவைக்க முடியுமா? வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை இருந்தாலும் அதை முன்னிட்டு ஒரு கேள்வி எழுவது அபூர்வம். அப்படியே எழுந்தாலும், ‘ரெண்டு வருஷத்துல வளர்ந்துடுவான், அதுவரைக்கும் ஒரு தலையணையைப் போட்டுக்கலாம்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இரண்டு வருடம் என்பது தப்புக் கணக்கு. அந்தக் குழந்தை அந்த நாற்காலிக்குப் பொருந்த இன்னும் ஆறேழு வருடமாவது ஆகும். தலையணையோ பாதிப் பிரச்சினையைத் தீர்த்து மீதிப் பாதியைப் பெரிதாக்கிவிடும். குழந்தையை மேஜைக்கு உயர்த்துவது எப்படி என்று யோசிக்கிற நாம், உயர்த்தியபின் அதன் கால் எதில் ஊன்றும் என்று யோசிப்பதில்லை. குழந்தைக்கான சாப்பாட்டு இருக்கையில் முதலில் பார்க்க வேண்டியது கால் வைக்கும் பலகையைத்தான் என்பது என் கட்சி. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

அளவுகளிலிருந்து தொடங்கலாம். நம் கடைகளில் கிடைக்கும் டைனிங் டேபிள் பெரும்பாலும் 30 அங்குல உயரம், அதாவது 76 செ.மீ. நாற்காலியில் உட்காரும் இடம் 18 அங்குலம், ஏறக்குறைய 46 செ.மீ. இரண்டுக்கும் இடைவெளி 30 செ.மீ. சாப்பாட்டு மேஜைக்குக் குழந்தையின் உயரத்தை வைத்து யாரும் அளவு வகுத்ததாகத் தெரியாவிட்டாலும், பள்ளி மேஜைகளுக்கு அப்படி ஒன்று இருக்கிறது. ஈஎன் 1729 என்ற ஐரோப்பியத் தர அளவு, மாணவர்களை வகுப்பை வைத்துப் பிரிக்காமல் உயரத்தை வைத்துப் பிரிக்கிறது. 93 முதல் 116 செ.மீ. வரை உயரமுள்ளவர்களுக்கு நாற்காலி 26, மேஜை 46. 108 முதல் 121 வரை உள்ளவர்களுக்கு நாற்காலி 31, மேஜை 53. 119 முதல் 142 வரை உள்ளவர்களுக்கு 35, 59. இந்த எண்களை உற்றுப் பார்த்தால் ஓர் எளிய விகிதம் தென்படும். உட்காரும் இடத்திலிருந்து பாதம் வரை உள்ள தூரம் மொத்த உயரத்தில் கால் பங்கைவிடக் கொஞ்சம் கூடுதல். உட்காரும் இடத்திலிருந்து மேஜை வரை உள்ள தூரம் ஐந்தில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் குறைவு. பள்ளியில் காலில் ஷூ இருக்கும், வீட்டில் வெறுங்கால். ஆகவே நமக்குச் சரியாகக் கால் பங்கு என்று வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது ஐந்து வயதுக் குழந்தையை அந்த நாற்காலியில் உட்கார வைப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி அந்த வயதின் நடுத்தர உயரம் ஏறக்குறைய 110 செ.மீ. அதற்குக் கால் தொங்கும் நீளம் 28 செ.மீ.தான், நாற்காலி 46. பாதம் தரையிலிருந்து 18 செ.மீ. மேலே அந்தரத்தில் ஆடும். மேஜை 21, 22 செ.மீ. மேலே இருக்க வேண்டும், இருப்பதோ 30. அதாவது சோற்றுத் தட்டு மார்பு மட்டத்துக்கு வந்துவிடுகிறது. இதைச் சரிக்கட்ட 8 செ.மீ. தடிமனுக்கு எதையாவது அடியில் வைத்து உயர்த்துகிறோம். மேஜைப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் தரைக்கும் பாதத்துக்கும் இருந்த 18 செ.மீ. இடைவெளி இப்போது 26 ஆகிவிட்டது. தலையணை செய்யும் வேலை இதுதான். அதிலும் தலையணை என்றால் அமுங்கும், ஒரு பக்கம் சாயும், குழந்தை அசைய அசைய அது பின்னால் நழுவும்.

கால் தொங்கினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். பெரியவர்களே உயரமான ஸ்டூலில் கால் மணி நேரம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து பார்த்தால் பதில் தொடையில் தெரியும். காலின் பாரம் முழுவதும் நாற்காலி விளிம்பில் தொடைக்கு அடியில் இறங்கும். அங்கே அழுந்தி மரத்துப் போகும். குழந்தைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பெரியவர்களுக்கான நாற்காலியின் ஆழம் 40 செ.மீ.க்குக் குறையாது, குழந்தையின் தொடையோ முதுகிலிருந்து முழங்கால் மடிப்பு வரை 30 செ.மீ.கூட இருக்காது. முதுகைச் சாய்த்தால் முழங்கால் மடங்காது. மடக்க வேண்டுமென்றால் இடுப்பை முன்னே இழுத்துக்கொண்டு, முதுகு வளைய, வயிறு மடிய, சறுக்கி உட்கார வேண்டும். ‘கூன் போடாதே’ என்று அதட்டுகிறோமே, அந்தக் கூனை அந்த நாற்காலிதான் வரவழைக்கிறது. பாதம் எதிலாவது ஊன்றியிருந்தால்தான் இடுப்பு நிலைக்கும். இடுப்பு நிலைத்தால்தான் தோளும் கையும் தம் வேலையைப் பார்க்கும். சாப்பிடுவதில் சிரமப்படும் குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்கள், உணவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பது இதனால்தான்.

கரண்டியால் சாப்பிடுகிறவர்களைவிடக் கையால் சாப்பிடுகிற நமக்கு இது இன்னும் முக்கியம். கரண்டிக்குக் கைப்பிடி உண்டு. தட்டு கொஞ்சம் மேலே இருந்தாலும் மணிக்கட்டைத் திருப்பிச் சமாளித்துவிடலாம். சோற்றைப் பிசைய உள்ளங்கை தட்டை நோக்கிக் கவிழ வேண்டும், விரல்களுக்கு மேலிருந்து அழுத்தம் வர வேண்டும். மார்பு மட்டத்தில் இருக்கும் தட்டில் அது நடக்காது. குழந்தை தோளைத் தூக்கி, முழங்கையைப் பக்கவாட்டில் விரித்துத்தான் தட்டை எட்டும். விரல் மேலேயும் முழங்கை கீழேயுமாக இருப்பதால் ரசம் எங்கே போகும்? மணிக்கட்டு வழியாக இறங்கி முழங்கையில் சொட்டும். ‘இன்னும் ஒழுங்கா சாப்பிடத் தெரியல’ என்று ஊட்டிவிட ஆரம்பிக்கிறோம். எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஊட்டிவிடும் வீடுகளில் செல்லம், அவசரம், கைபேசி என்று பல காரணங்கள் உண்டு. மேஜை உயரமும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இதைக் கவனித்து ஒரு நாற்காலியே செய்தவர் நார்வே நாட்டு வடிவமைப்பாளர் பீட்டர் ஓப்ஸ்விக். தன் சின்ன மகன் குடும்ப மேஜையில் உட்காரத் தோதான இருக்கை இல்லாததைப் பார்த்து அவர் வடிவமைத்த ‘டிரிப் டிராப்’ நாற்காலி 1972இல் ஸ்டொக்கே நிறுவனத்தின் மூலம் சந்தைக்கு வந்தது. சாய்ந்து நிற்கும் இரண்டு மரச்சட்டங்கள். அவற்றின் உட்பக்கம் வரிசையாகக் காடிகள். அந்தக் காடிகளில் செருகிய இரண்டு பலகைகள், ஒன்று உட்கார, ஒன்று கால் வைக்க. குழந்தை வளர வளர இரண்டையும் ஒவ்வொரு காடியாக இறக்கிக்கொள்ளலாம், முன்னும் பின்னும் நகர்த்தலாம். உலகம் முழுக்க 1 கோடிக்கும் மேல் விற்றிருக்கிற இந்த நாற்காலியின் சூட்சுமம் அந்த இரண்டாவது பலகையில்தான் இருக்கிறது. உட்காரும் இடத்தை உயர்த்திய ஹை சேர் அதற்கு முன்பே இருந்தது. உயர்ந்த குழந்தைக்குத் தரையையும் கூடவே உயர்த்தித் தர வேண்டும் என்பதை ஒரே நாற்காலியில், பல வருடங்களுக்கும் சேர்த்து, தீர்த்துவைத்தார் ஓப்ஸ்விக். விலை நமக்குக் கட்டுப்படியாகாது. அது வேறு விஷயம். யோசனைக்கு விலையில்லை.

தலைமுறை தலைமுறையாகத் தரையில் உட்கார்ந்துதானே சாப்பிட்டோம், எந்தப் பாட்டி கால்பலகை தேடினாள் என்பது வலுவான ஆட்சேபம். அதை நான் மறுக்கவில்லை. என் வாதத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் காலின் பாரம் முழுவதையும் தரை ஏந்திக்கொள்கிறது, எதுவும் தொங்குவதில்லை. இலை முழங்கைக்குக் கீழே இருக்கிறது. மூன்று வயதுப் பேத்திக்கும் ஆறடித் தாத்தாவுக்கும் ஒரே தரை, ஒரே பந்தி. வயதுக்கொரு நாற்காலி தேவைப்படாத ஏற்பாடு அது. இன்றும் எல்லோரும் தரையில் உட்கார முடிகிற வீட்டில் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஆனால் முழங்கால் வலிக்கும் பாட்டியும், சாப்பாட்டுக்கும் வீட்டுப்பாடத்துக்கும் ஒரே மேஜை போட்டிருக்கும் இரண்டு அறை ஃபிளாட்டும்தான் இன்றைய நிலைமை. மேஜைக்கு மாறியபோது தரையின் வசதியை மட்டும் தரையிலேயே விட்டுவிட்டு வந்தோம். நாற்காலியின் மேலேயே சம்மணம் போடுகிற, மண்டியிடுகிற பிள்ளைகளை ‘காலைக் கீழே போட்டு மரியாதையா உட்கார்’ என்று திட்டுகிறோம். கால் வைக்க இடமில்லாத நாற்காலியில் குழந்தை தானாகவே கண்டுபிடித்த நிவாரணம் அது. நாற்காலி அகலமாக, ஆடாமல் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம்.

சாப்பாடு இருபது நிமிடம், இதற்குப் போய் அளவு நாடா எடுக்க வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. இருபது நிமிடம்தான் என்றால் நானும் விட்டுக்கொடுப்பேன். ஆனால் அதே மேஜையில்தான் கையெழுத்துப் பயிற்சி, படம் வரைதல், பரீட்சைக்குப் படித்தல் எல்லாம் நடக்கிறது. அங்கே கழியும் நேரம் மணிக்கணக்கு. வேறு சிலர், சரியான நாற்காலி கொடுத்தாலும் குழந்தை நெளியத்தான் செய்யும் என்கிறார்கள். உண்மைதான். நெளிவது குழந்தையின் இயல்பு; கால்பலகை அதைக் கட்டிப்போடாது, கட்டிப்போடவும் கூடாது. ஊன்றி எழவும் திரும்பவும் தோதாக இருந்தால் நெளிவது ஆபத்தில்லாமல் நடக்கும், அவ்வளவே. கடைகளில் கார்ட்டூன் படம் போட்டு விற்கும் குட்டி மேஜை நாற்காலியை வாங்கிவிட்டால் என்ன? களிமண்ணுக்கும் கலர் பென்சிலுக்கும் அது அருமையானது. சாப்பாட்டுக்கு அதை வைத்தால் குழந்தை குடும்பத்திலிருந்து பிரிந்து ஓரமாக, பெரும்பாலும் டி.வி. முன்னால், தனியாகச் சாப்பிடும். கீரையை அப்பா எடுத்துச் சாப்பிடுவதை அது பார்க்காது. இரண்டு மூன்று வருடத்தில் அந்த மேஜை பரணுக்கும் போய்விடும்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மேஜைக்குப் பொருந்தாதவர் குழந்தை மட்டுமல்ல. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய 152 செ.மீ. முன்னே சொன்ன தர அளவில் அந்த உயரத்துக்கு வருவது 38 அல்லது 43 செ.மீ. நாற்காலியும், 64 அல்லது 71 செ.மீ. மேஜையும். வீட்டுக்கு வருவதோ 46ம் 76ம். அம்மாவும் நாற்காலி நுனியில், குதிகால் தூக்கித்தான் உட்கார்ந்திருக்கிறார். பரிமாற எழ வசதி என்று நினைத்துக்கொள்கிறோம்.

செலவில்லாமல் செய்யக்கூடியது நிறைய. குழந்தையின் உயரத்தை அளந்து நான்கால் வகுத்தால் கால் நீளம் கிடைக்கும். ஐந்தால் வகுத்தால் மேஜைக்கும் இருக்கைக்கும் வேண்டிய இடைவெளி. 110 செ.மீ. குழந்தைக்கு 76 செ.மீ. மேஜையில் இருக்கை 54, கால்பலகை தரையிலிருந்து 26. குளிக்கும்போது போட்டு உட்காரும் பிளாஸ்டிக் ஸ்டூல் பல வீடுகளில் ஏறக்குறைய அந்த உயரம்தான். டைல்ஸ் தரையில் அது வழுக்கும் என்பதால் அடியில் ரப்பர் விரிப்பு வேண்டும். இருக்கையை உயர்த்த அமுங்கும் தலையணையைவிட இறுக்கமாக மடித்த ஜமுக்காளமோ, ஆசாரி அடித்துத் தரும் பிளைவுட் பெட்டியோ நல்லது. எதுவானாலும் நாற்காலியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். முதுகுக்குப் பின்னால் கெட்டியான திண்டு ஒன்று வைத்தால் ஆழம் குறையும். கால்பலகையை நாற்காலியின் முன்கால்களிலேயே அடிக்கச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலகை முன்னால் நீண்டு, குழந்தை அதன் மேல் ஏறி நின்றால், நாற்காலி முன்பக்கமாகக் கவிழும். பின்பக்கம் கவிழ்வது இன்னொரு வழியில் நடக்கும்: குழந்தை மேஜை விளிம்பைக் காலால் உதைத்துத் தள்ளும். எடை குறைந்த பிளாஸ்டிக் நாற்காலியை உயர்த்தவே கூடாது என்பது இதனால்தான். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கால்களுக்கு இடையிலும் வார் வருகிற இருக்கை வேண்டும். இடுப்பு வார் மட்டும் இருந்தால் குழந்தை அடியில் சறுக்கிவிடும்.

புதிதாக மேஜையே வாங்குகிறவர்கள் பலகைக்கு அடியில் ஓடும் சட்டத்தைக் குனிந்து பார்ப்பது நல்லது. பலகையும் சட்டமுமாகச் சேர்ந்து 12 செ.மீ. இருந்தால், 22 செ.மீ. இடைவெளியில் தொடைக்கு மிஞ்சுவது 10தான். உயர்த்தி உட்கார வைத்த குழந்தையின் தொடை அதில் இடிக்கும். கைப்பிடி வைத்த நாற்காலியும் அதே சட்டத்தில் முட்டி நின்றுவிடும், குழந்தை தட்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கும். சட்டம் மெல்லியதாகவும் உயரம் 28 அல்லது 29 அங்குலமாகவும் இருக்கும் மேஜை கிடைத்தால் அதையே எடுக்கலாம். ஏற்கனவே வீட்டில் இருப்பதன் கால்களை ஆசாரியிடம் சொல்லி ஓரிரு அங்குலம் அறுத்துவிடவும் செய்யலாம். ஆனால் அறுப்பதற்கு முன் வீட்டிலேயே உயரமானவரை அதில் உட்காரச் சொல்லி, அவர் தொடைக்கும் சட்டத்துக்கும் இடையில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொள்ள வேண்டும். அங்கே இடமில்லை என்றால் நாற்காலிக் கால்களையும் சேர்த்து அறுக்க வேண்டியிருக்கும்.