நியாயப்பிரமாணமும் சுவிசேஷமும்

நியாயப்பிரமாணமும் சுவிசேஷமும் என்பது விவிலியத்தின் செய்தியை இரு வகையாகப் பிரித்தறியும் லுத்தரன் இறையியல் கோட்பாடு ஆகும். கடவுள் மனிதரிடம் எதிர்பார்ப்பதைக் கூறி, அதில் தவறுவோரைக் குற்றவாளிகளாகத் தீர்ப்பது நியாயப்பிரமாணம். இயேசு கிறிஸ்துவின் பொருட்டுக் கடவுள் பாவமன்னிப்பை இலவசமாக அளிப்பதை அறிவிப்பது சுவிசேஷம். தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் இவை திருச்சட்டம், நற்செய்தி எனப்படுகின்றன.

கோட்பாடு

இப்பிரிவு பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்னும் நூற்பிரிவு அன்று. இரண்டும் இரு ஏற்பாடுகளிலும் உள்ளன. ஆதியாகமத்தில் ஏவாளின் வித்தைப் பற்றிய வாக்குறுதி சுவிசேஷமாகவும், இயேசுவின் மலைப்பொழிவில் உள்ள கட்டளைகள் நியாயப்பிரமாணமாகவும் கொள்ளப்படுகின்றன. ஒரே நிகழ்வும் இரு வகையில் அறிவிக்கப்படலாம். சிலுவை மரணம் பாவத்தின் கொடுமையைக் காட்டக் கூறப்படின் நியாயப்பிரமாணம். மன்னிப்பின் உறுதியாகக் கூறப்படின் சுவிசேஷம்.

இவ்விரண்டும் கலக்கும்போது இரு தீங்குகள் விளையும் என்பது லுத்தரன் கருத்து. மரணப் படுக்கையில் மன்னிப்பு கிட்டுமா என அஞ்சுபவரிடம் அவர் செய்த நற்செயல்களைக் கேட்பது அவரை அவநம்பிக்கையில் தள்ளும். தன்னை நீதிமான் எனக் கருதுபவரிடம் ஆறுதல் மட்டும் கூறுவது அவரது செருக்கை வளர்க்கும்.

மூன்று பயன்கள்

நியாயப்பிரமாணத்திற்கு மூன்று பயன்கள் கூறப்படுகின்றன:
1. கடிவாளம் - சமூகத்தில் தீமையைக் கட்டுப்படுத்துதல்.
2. கண்ணாடி - மனிதருக்குத் தம் பாவத்தைக் காட்டுதல்.
3. வழிகாட்டி - விசுவாசிகளின் வாழ்வை நெறிப்படுத்துதல்.

வரலாறு

மார்ட்டின் லூதர் 1529 இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் பத்துக் கற்பனைகள் முதலிலும் விசுவாசப் பிரமாணம் அதன் பின்னரும் வைக்கப்பட்டன. மனந்திரும்புதலைப் போதிக்க நியாயப்பிரமாணம் தேவையில்லை என்ற யோகான் அக்ரிகோலாவின் கருத்தை லூதர் 1537 முதல் மறுத்து வாதிட்டார். 1577 இல் உருவான கன்கார்டு உடன்பாடு என்னும் விசுவாச அறிக்கையின் ஐந்தாம் பிரிவு இக்கோட்பாட்டையும், ஆறாம் பிரிவு மூன்றாம் பயனையும் விளக்குகின்றன.

அமெரிக்காவின் மிசூரி சினட் திருச்சபையின் முதல் தலைவரான சி. எப். டபிள்யூ. வால்தர், 1884-1885 இல் இது குறித்து 39 சொற்பொழிவுகள் ஆற்றினார். இக்கோட்பாட்டை அறிவது எளிது, யாருக்கு எதைக் கூறுவது என்பதே அரிது என்பது அவற்றின் சாரம். போதனையில் சுவிசேஷமே மேலோங்க வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார்.

தமிழகத்தில்

1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் லூதரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழில் மொழிபெயர்த்தார். கற்பனைகளிலிருந்து விசுவாசப் பிரமாணத்திற்குச் செல்லும் வரிசை இவ்வாறு தமிழ்க் கிறித்தவக் கல்வியில் இடம்பெற்றது.

வால்தரின் மரபில் வந்த மிசூரி சினட், முன்னர் லைப்சிக் மிசனில் பணியாற்றிய தியோடர் நேத்தர், பிரான்சு மோன் ஆகியோரை 1894 இல் இந்தியாவுக்கு அனுப்பியது. 1895 இல் கிருஷ்ணகிரியில் அதன் முதல் பணித்தளம் அமைந்தது. அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த கிருஷ்ணகிரி, 1965 முதல் 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்து, பின்னர் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. இப்பணியிலிருந்து வளர்ந்த இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1958 இல் தன்னாட்சி பெற்றது.

மாற்றுக் கருத்துகள்

ஜான் கால்வின் மூன்றாம் பயனையே முதன்மையானதாகக் கொண்டார். கார்ல் பார்த் 1935 இல் வரிசையை மாற்றி, சுவிசேஷமே முதலில் வருவது, நியாயப்பிரமாணம் அதன் வடிவம் என்றார். கட்டளை முதலில் வந்தால் அருள் நிபந்தனைக்கு உட்பட்டதாகிவிடுமா, பின்னர் வந்தால் சுவிசேஷமே கட்டளையாகிவிடுமா என்பதே இவ்விவாதத்தின் மையம்.