தேய்ந்த மூட்டுக்கு வழி தேடிய டாக்டர்

கதவு கிறீச்சிடுகிறது. கீலில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுகிறோம். சத்தம் நின்றுவிடுகிறது. வண்டிச் சக்கரத்தின் அச்சுக்கும் மை போடுகிறோம். ஒன்றோடு ஒன்று உரசும் இடத்தில் வழுவழுப்பு வேண்டும். இல்லாவிட்டால் தேய்ந்துபோகும்.

நம் உடம்பிலும் உரசும் இடங்கள் உண்டு. அவைதான் மூட்டுகள். இரண்டு எலும்புகள் சேரும் இடம் மூட்டு. எலும்பும் எலும்பும் நேராக உரசினால் வலி தாங்க முடியாது. அதனால் எலும்பின் முனையை வழவழப்பான ஓர் உறை மூடியிருக்கிறது. அதற்குக் குருத்தெலும்பு என்று பெயர். ஆட்டுக்கால் வாங்கிச் சமைப்பவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். எலும்பு முனையில் வெள்ளையாகப் பளபளக்கும். மூட்டுக்குள் முட்டையின் வெள்ளைக்கரு போலக் கொழகொழப்பான நீரும் கொஞ்சம் இருக்கும்.

வயது ஏற ஏறப் பலருக்கு இந்தக் குருத்தெலும்பு மெலிந்து, வெடித்துத் தேய்கிறது. அதிக உடல் எடையால் இது சீக்கிரம் வரலாம். மூட்டில் எப்போதோ பட்ட அடியாலும் வரலாம். பல வருடம் குத்தவைத்தும் பாரம் தூக்கியும் வேலை செய்தவர்களுக்கும் வரலாம். இதைத்தான் மூட்டுத் தேய்மானம் என்கிறோம். நம் நாட்டில் இது முழங்காலில்தான் அதிகம் வருகிறது. இங்கிலாந்தில் இடுப்பு மூட்டிலும் நிறையப் பேருக்கு வருகிறது. இடுப்பு மூட்டு தேய்ந்தவர் நடக்க முடியாது. இரவில் புரண்டு படுக்கவும் முடியாது.

அந்த இங்கிலாந்தில் பிறந்தவர்தான் ஜான் சார்ன்லி. பிறந்த ஆண்டு 1911. ஊர் லங்காஷயர் மாவட்டத்தில் பரி. அது பஞ்சாலைகள் நிறைந்த பகுதி. அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார். அம்மா நர்ஸ் வேலை கற்றவர். சார்ன்லி மான்செஸ்டரில் படித்து எலும்பு டாக்டர் ஆனார். இரண்டாம் உலகப் போரில் ராணுவ டாக்டராக வேலை பார்த்தார். அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. கருவிகளைத் தானே செய்து பார்ப்பார். வீட்டிலேயே கடைசல் இயந்திரம் வைத்திருந்தார்.

அந்தக் காலத்தில் இடுப்பு மூட்டு தேய்ந்தவர்களுக்கு நல்ல வைத்தியம் இல்லை. எலும்புகளை ஒன்றாக ஒட்டவைத்துவிடுவார்கள். வலி போகும். ஆனால் மூட்டு மடங்காது. வேறு சில டாக்டர்கள் எலும்பின் தலையை வெட்டிவிட்டு, அங்கே பிளாஸ்டிக் உருண்டையைப் பொருத்தினார்கள்.

அப்படி உருண்டை வைத்த ஒருவர் சார்ன்லியிடம் வந்தார். சாப்பாட்டு மேசையில் அவர் குனிந்தால் இடுப்பு கிறீச்சிடும். அந்தச் சத்தம் பொறுக்காமல் அவர் மனைவி அறையை விட்டே போய்விடுவாராம். கேட்டால் சிரிப்பு வரும். சார்ன்லி அதைச் சிரித்துவிட்டு விடவில்லை. சத்தம் வந்தால் உரசல் இருக்கிறது என்று பொருள். உரசல் இருந்தால் உருண்டை சீக்கிரம் தளர்ந்துபோகும். அப்படியானால் நல்ல மூட்டில் உரசல் எவ்வளவு என்று அளந்து பார்த்தார். பனிக்கட்டி மேல் சறுக்குவதைவிட நம் மூட்டு வழுக்குகிறது என்று தெரிந்தது. இரும்பும் பிளாஸ்டிக்கும் அந்த அளவு வழுக்காது.

ஆகவே, தானாகவே வழுக்கும் ஒரு பொருள் வேண்டும் என்று தேடினார். கிடைத்தது டெப்லான். தோசை ஒட்டாத கல்லில் பூசியிருக்கிறார்களே, அதே பொருள்தான். இடுப்பு எலும்பில் டெப்லான் கிண்ணம் வைத்தார். தொடை எலும்பில் எஃகு உருண்டை வைத்தார். உருண்டையைச் சிறியதாகச் செய்தார். குறுக்களவு 22 மில்லிமீட்டர்தான். பெரிய உருண்டை திரும்பும்போது கிண்ணத்தையும் சேர்த்து இழுத்து அசைத்துவிடும். சிறிய உருண்டை அந்த அளவு இழுக்காது. இரண்டையும் எலும்பில் பதிக்க, பொய்ப்பல் செய்யும் பசையைப் போன்ற ஒன்றை எடுத்துக்கொண்டார்.

ரைட்டிங்டன் என்ற ஊரில் ஒரு காசநோய் ஆஸ்பத்திரி இருந்தது. காசநோய் குறைந்ததால் அங்கே படுக்கைகள் காலியாயின. அங்கேதான் சார்ன்லி வேலை செய்தார். படுத்துக் கிடந்தவர்கள் வலியில்லாமல் நடந்தார்கள். 1961இல் மருத்துவப் பத்திரிகையில் இதை எழுதினார். சுமார் 300 பேருக்கு இந்த ஆபரேஷன் நடந்தது.

இரண்டு மூன்று வருடத்தில் வலி திரும்பி வந்தது. டெப்லான் வழுக்கியது உண்மை. ஆனால் வேகமாகத் தேய்ந்தது. தேய்ந்த தூள் சுற்றியிருந்த சதையிலும் எலும்பிலும் கட்டி போல வளர்ந்தது. பலருக்கு மறுபடியும் ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஓர் அம்மா கேட்டார்: "சரியாகத் தெரியாமல் அத்தனை பேருக்கு வைத்தது தப்பில்லையா?" நியாயமான கேள்வி. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் சார்ன்லி தோல்வியை மறைக்கவில்லை. டெப்லானைத் தன் தொடையிலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டார். என்ன ஆகிறது என்று பல மாதம் பார்த்தார். தொட்டால் தெரியும் கட்டியாக அது வளர்ந்தது. அதையும் 1963இல் பத்திரிகையில் எழுதினார்.

இதற்கிடையே 1962இல் ஒரு விற்பனைக்காரர் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவர் கையில் கெட்டியான ஒரு பாலித்தீன் துண்டு இருந்தது. நம் பாலித்தீன் பைக்கு அது உறவுதான். ஆனால் மிகவும் உறுதியானது. லங்காஷயர் நெசவாலைகளில் தறியின் பல்சக்கரம் செய்ய அதைப் பயன்படுத்தினார்கள். சார்ன்லி அதை நகத்தால் கீறிப் பார்த்தார். கீறல் விழுந்தது. "இதில் நேரத்தை வீணாக்காதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவரிடம் ஹாரி கிரேவன் என்ற கருவித் தொழிலாளி வேலை பார்த்தார். தேய்மானத்தைச் சோதிக்கும் இயந்திரத்தைச் செய்தவர் அவர்தான். சார்ன்லி வெளிநாடு போயிருந்த சமயத்தில் அந்தத் துண்டை இயந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார். இரவும் பகலும் ஓடியது. மூன்று வாரம் ஓடியும், டெப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட அது தேயவில்லை! சார்ன்லி திரும்பி வந்து பார்த்தார். தான் சொன்னதை மாற்றிக்கொண்டார். 1962 நவம்பரில் புதிய கிண்ணத்தை நோயாளிக்கு வைத்தார்.

சார்ன்லி பெயரை உலகம் அறியும். கிரேவன் பெயர் பலருக்குத் தெரியாது. இருவரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்த முறை சார்ன்லி அவசரப்படவில்லை. தன்னிடம் வந்து கற்றுக்கொண்ட டாக்டர்களுக்கு மட்டும் இந்த மூட்டை விற்கச் சொன்னார். பல வருடம் அப்படியே நடந்தது. ஆபரேஷன் புண்ணில் சீழ் பிடிப்பது இன்னொரு தொல்லை. நூற்றுக்கு ஏழு பேர் வரை அவதிப்பட்டார்கள். அறைக்குள் சுத்தமான காற்றை மட்டும் விட ஏற்பாடு செய்தார். வேறு பாதுகாப்புகளும் சேர்ந்தன. சீழ் பிடிப்பது நூற்றில் ஒன்றுக்கும் கீழே குறைந்தது.

1977இல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. 1982இல் இறந்தார். இன்று இன்னும் உறுதியான பாலித்தீன் வந்திருக்கிறது. முழங்கால் மூட்டையும் மாற்றுகிறார்கள். விலை அதிகமாக இருந்ததால், செயற்கை முழங்கால் மூட்டுக்கு நம் அரசு 2017இல் உச்சவிலை நிர்ணயித்தது.

மூட்டு வலித்தால் உடனே ஆபரேஷன் என்று பயப்பட வேண்டாம். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். எல்லா மூட்டு வலியும் தேய்மானம் அல்ல. தேய்மானம்தான் என்றால், உடல் எடையைக் குறைப்பதும் தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுப்பதும் பலருக்கு வலியைக் குறைக்கும். கைத்தடி ஊன்ற வெட்கப்பட வேண்டாம். வலது கால் வலித்தால் தடியை இடது கையில் பிடியுங்கள். பலர் வலிக்கும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். எதிர்ப்பக்கம் பிடித்தால்தான் பாரம் குறையும். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் குத்தவைத்து உட்காரலாமா, சம்மணம் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சார்ன்லியின் மூட்டு நாற்காலியில் உட்காருபவர்களுக்காகச் செய்தது.

சார்ன்லி தன் நோயாளிகளிடம் ஒரு வாக்கும் கேட்டார். இறந்த பிறகு அந்த மூட்டை ஆஸ்பத்திரிக்குத் திருப்பித் தர வேண்டும் என்றார். பலர் சம்மதித்தார்கள். அப்படி வந்த கிண்ணங்களை, எத்தனை வருடத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ரைட்டிங்டனில் அளந்து பார்த்தார்கள்.