சேலைக்கொரு நகம், திங்களுக்கு வெறும் நகம்!

சாமத்திய வீட்டு வீடியோக்காரர் எட்டிப் பார்க்காத இடம் ஒன்று உண்டு: மண்டபத்தின் பின்னறை. எம்மன்புரூக்கேயாக இருக்கட்டும், சுவிஸின் வேறெந்த ஊராக இருக்கட்டும், கதவைத் திறந்தால் அதே கூத்துத்தான். ஒரு மூலையில் ஹெயார் ஸ்பிறே மேகம். இன்னொரு மூலையில் தரையில் விழுந்த ஒற்றை ஊக்கைத் தேடும் மூன்று பேர். மேசையில் பாதி கடித்த றோல்ஸ். நடுவில் கதாநாயகி, பத்து விரலையும் விரித்துப் பிடித்தபடி! முதல் சேலை சிவப்பு, நகமும் சிவப்பு. அடுத்த சேலையோ பச்சை.

“சித்தி, பச்சைக்கு இந்தக் கலர் சரிவராது. அழிச்சுவிடுங்கோ.”

“பொறு பிள்ளை, றிமூவர் எந்த பாக்கில கிடக்கெண்டு தெரியேல்லை.”

இந்தக் கட்டுரையின் நட்சத்திரம் அந்தத் தொலைந்த போத்தல்தான். ஐந்து நிமிடத்தில் கியூடெக்ஸ் போக வேண்டும், நகம் வெளிறக் கூடாது, ஒட்டியாணத்துக் கல் உதிரக் கூடாது, பக்கத்து மேசையில் ஏற்றி வைத்திருக்கும் குத்துவிளக்குக்கும் கோபம் வரக் கூடாது. லேசுப்பட்ட வேலையா?

பெரியவர்களுக்கு இதே பரபரப்பு ஞாயிறு இரவு வரும். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்யும் அக்காவுக்கும், ஹோட்டல் குசினியில் நிற்கும் அன்ரிக்கும் திங்கள் காலையில் நகம் குட்டையாக, பூச்சில்லாமல் இருக்க வேண்டும். சுகாதார விதி அப்படி. ஆகவே வார இறுதியில் பூசி, வேலைக்கு முன் அழித்து, அடுத்த வாரம் மறுபடி பூசி என்று நம்மவர் நகங்கள் வருடம் முழுக்கச் சக்கரமாய்ச் சுற்றுகின்றன. மென்மையான றிமூவர் எதுவென்ற கேள்வி அதிகம் உறைப்பது இவர்களுக்குத்தான்.

சரி, கடைக்குப் போவோம். மிக்ரோஸிலோ கோப்பிலோ போத்தலைத் திருப்பினால் மூன்று மொழியில் ஒரே சத்தியம்: ‘ஓனே அட்ஸெட்டோன்’, ‘சான் அசெட்டோன்’, ‘சென்சா அசெட்டோனே’. அசெட்டோன் இல்லையாம்! மூன்று மொழியில் சொன்னால் மூன்று மடங்கு மென்மை என்று நினைத்துக் கூடைக்குள் போட்டுவிடுகிறோம். பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால் பெரும்பாலும் முதல் பெயராக நிற்பது எத்தில் அசிடேட். இதுவும் கரைப்பான்தான். பழமிட்டாய் போல இனிய வாசம். அசெட்டோனைவிடக் கொஞ்சம் நிதானம். ஆனால் இதுவும் நகத்தின் ஈரத்தையும் எண்ணெய்ப்பசையையும் இழுக்கும், இதுவும் சட்டென்று தீப்பிடிக்கும்.

அசெட்டோனை வில்லனாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கந்தசஷ்டிக்கு உபவாசம் இருப்பவரின் உடல் கொழுப்பை எரிக்கும்போது தானாகவே கொஞ்சம் அசெட்டோனைச் செய்கிறது. மூச்சில்கூட அதன் சாயல் வரும். போத்தலில் இருப்பதும் அதே சரக்குத்தான், அளவுதான் பயங்கரம். 56 பாகை செல்சியஸிலேயே கொதிக்கும் திரவம் என்பதால் நகத்தில் பட்டதும் பறக்கிறது. பறக்கும்போது நகத்தை உலர்த்திவிட்டுப் போகிறது. அழித்து முடித்ததும் சுண்ணாம்பு தடவியதுபோல ஒரு வெள்ளை படர்கிறதே, அது இந்த வறட்சிதான்.

இப்போது உண்மையான திரைமறைவுக் கதை. அதற்கு எம்மன்புரூக்கேயைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது!

கியூடெக்ஸ் காய்ந்து பளபளப்பது பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருளால். பஞ்சிலும் மரத்திலும் இருக்கும் செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்தால் அது பிறக்கும். 1846இல் அதை உலகுக்கு அறிவித்தவர், இதே சுவிஸில் பாசல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஷோன்பைன். குசினியில் கொட்டிய அமிலத்தை மனைவியின் ஏப்ரனால் துடைத்தார், காயவைத்த ஏப்ரன் பொசுக்கென்று எரிந்து காணாமல் போனது என்று ஒரு கதை உலாவுகிறது. கதையை நம்புவது உங்கள் விருப்பம்; பொருள் என்னவோ வெடிமருந்தானது நிஜம். நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை 1900களின் தொடக்கத்தில் எழுந்தது இதே வகைச் சரக்கைச் செய்யத்தான். நைட்ரோசெல்லுலோஸையும் நைட்ரோகிளிசரினையும் சேர்த்துப் பிசையும் கார்டைட்டின் பழைய செய்முறையில், பிசைவதற்கு ஊற்றிய திரவம் எது தெரியுமா? அசெட்டோன்! பீரங்கிக்குள் போன சோடி, இன்று பின்னறையில் சித்தியின் பஞ்சில்.

அதே செல்லுலோஸ் குடும்பத்தில் இன்னும் இரண்டு சகோதரிகள். ஒருத்தி செல்லுலோஸ் அசிடேட்: சில மூக்குக்கண்ணாடிச் சட்டங்களிலும், சட்டைகளின் உள்துணியிலும், சில பளபளப்பான துணிகளிலும் இருப்பவள். மற்றவள் விஸ்கோஸ், அதாவது ரேயான். அவளுடைய ஊர்தான் எம்மன்புரூக்கே. 1906இல் தொடங்கிய விஸ்கோஸ் சுவிஸ் நிறுவனம் இங்கே சின்ன எம்மே (கிளைனே எம்மே) ஆற்றங்கரையில் மரக்கூழைக் காரத்தாலும் கார்பன் டைசல்பைடாலும் குழம்பாக்கி, மெல்லிய துளைகளால் அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சி, செயற்கைப் பட்டு நூலாக இழுத்தது. பிற்பாடு ‘நைல்சுயிஸ்’ என்ற பெயரில் நைலானும். ஊர்க்காரர் செல்லமாக ‘விஸ்கோசி’ என்பார்கள். அந்த வளாகம் இன்று விஸ்கோசிஸ்டாட். 2016 முதல் லுசேர்ன் உயர்கல்விக் கல்லூரியின் கலை, வடிவமைப்பு மாணவர்கள் அங்கே திரிகிறார்கள்.

ஏன் இவ்வளவு குடும்பக் கதை? மடியில் றிமூவர் கொட்டும் நாளில் உதவும் என்பதால்தான். நைட்ரோவும் அசிடேட்டும் அசெட்டோனைக் கண்டதும் கரைவார்கள். விஸ்கோஸ் அசையமாட்டாள். ரேயான் சேலையில் ஒரு சொட்டு விழுந்தால் துணி கரையாது, சாயத்தைப் பற்றி மட்டும் கவலைப்படலாம். அசிடேட் துணியில் விழுந்தால் ஓட்டைதான். அக்ரிலிக் கல் பதித்த நெற்றிச்சுட்டி, பிளாஸ்ரிக் வளையல், மூக்குக்கண்ணாடி, ஃபோன் கவர் எல்லாமே ஆபத்துப் பட்டியலில் சேரும். சேலை உடுத்த பிறகு கியூடெக்ஸ் அழிப்பதென்றால் மடியில் ஒரு பழைய பருத்தித் துவாய் கட்டாயம். குத்துவிளக்கும், முடி சுருட்டும் கருவியும் அடுத்த அறைக்கு. கெஞ்சினாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆவி காற்றைவிடக் கனம், மேசைமேல் தவழ்ந்தே நெருப்பைத் தேடிப் போகும்.

அப்படியானால் எதை வாங்குவது? வெறும் கலர்ப் பூச்சு, அதிகம் அவசரமில்லை என்றால் புரோபிலீன் கார்பனேட்டோ டைமெதில் குளுட்டரேட்டோ முன்னால் எழுதிய போத்தல். இவை சோம்பேறித் திரவங்கள். எளிதில் பறக்காது, மூக்கைக் குத்தாது. நேரம் எடுக்கும், முடிவில் கையில் எண்ணெய்போல ஒரு பிசுபிசுப்பு நிற்கும், சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போய்விடும். அடுத்த நிலை எத்தில் அசிடேட். மினுக்கம் கொட்டிய கிளிட்டர் பூச்சுக்கு மட்டும் கூச்சப்படாமல் அசெட்டோனையே எடுங்கள். மென்மையானது என்று பெயர் வாங்கிய ஒன்றை வைத்துக் கால்மணி நேரம் தேய்ப்பதைவிட, கடுமையானது என்று பெயர் கெட்ட ஒன்றால் அரை நிமிடத்தில் முடிப்பது நகத்துக்கு நல்லது என்பது என் கட்சி. நகத்தின் மேலடுக்கை உரிப்பதில் திரவத்துக்கு மட்டுமல்ல, நம் தேய்ப்புக்கும் பங்கு உண்டு. விரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர்தான் வளரும். இன்று உரித்தது வெட்டி எறியும் இடத்துக்கு வந்து சேர ஆறு மாதம் ஆகலாம்.

கைப்பக்குவம் இதுதான். நகத்தைச் சுற்றியுள்ள தோலில் முதலில் தேங்காய் எண்ணெய் மெலிதாகத் தடவுங்கள். பஞ்சைச் சிறு துண்டாக நனைத்து நகத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடியுங்கள். தேய்க்காதீர்கள்! பத்து, பதினைந்து எண்ணும் வரை பொறுமை. பஞ்சின் ஓரத்தில் சிவப்பு கசியத் தொடங்கும். உள்ளே பூச்சு மறுபடி திரவமாகிவிட்டது என்று அர்த்தம். அப்போது வேரிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பு. பஞ்சில் நகத்தின் முழு உருவமும் அச்சாக வந்திருந்தால் நீங்கள் கைதேர்ந்துவிட்டீர்கள். கழுவி, ஈரம் காயுமுன் மறுபடி எண்ணெய்.

ஜெல் நகம் வேறு உலகம். விளக்கொளியில் இறுகிய அந்தப் பூச்சிடம் சோம்பேறித் திரவங்களின் பருப்பு வேகாது. மேற்பரப்பை லேசாக அரத்தால் உரசி, அசெட்டோன் பஞ்சை வைத்து, அலுமினியத் தாளால் விரலைச் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் இருந்தால் உரிந்து வரும். பஸ்ஸில் சலிப்புக்கு நகத்தால் நோண்டி உரிக்கும் பிள்ளைகளே, உங்களைத்தான் சொல்கிறேன்: ஜெல்லோடு நகத்தின் தோலும் சேர்ந்து வருகிறது.

கடைசியாக ஒரு சுவிஸ் வேடிக்கை. அசெட்டோன் போன்ற ஆவியாகும் கரைப்பான்களுக்கு இந்த நாடு 2000ஆம் ஆண்டிலிருந்து தனி வரி போடுகிறது. இப்போது கிலோவுக்கு 3 பிராங்க். வசூலான பணத்தை மக்களுக்கே பங்கிட்டு, மருத்துவக் காப்புறுதிக் கட்டணத்தில் கழித்தும் விடுகிறது. மிச்ச றிமூவரைத் தொட்டியில் ஊற்றுவதோ சாதாரணக் குப்பைப் பையில் போடுவதோ கூடாது. வாங்கிய கடையிலோ ஊர்ச் சேகரிப்பு இடத்திலோ விசேட கழிவாகக் கொடுக்க வேண்டும். போத்தல் தொலைந்தால் மட்டும் பொறுப்பு சித்தியுடையது.