கண்ணீர் குறைந்தால்

கண்ணீர், அழும்போது மட்டும் சுரப்பதன்று. நாம் இமைக்கும்போதெல்லாம் அது கண்ணின்மேல் மெல்லிய படலமாகப் பரவிக் கண்ணைக் காக்கிறது.

முதியவர் பலர் கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொள்கின்றனர். பார்வை தெளிந்த பிறகும், சிலருக்குக் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது. ஏன்? சிகிச்சையின்போது கருவிழியிலுள்ள நுண்ணிய நரம்புகள் சில வெட்டுப்படுகின்றன. கண் உலர்வதை மூளைக்கு உணர்த்துபவை அந்நரம்புகளே. அவை செயல் குன்றினால் கண்ணீர் சுரப்பதும் குறைகிறது.

நரம்புகள் மீண்டும் வளரச் சில மாதங்கள் ஆகலாம். சிலருக்கு வறட்சி அதன் பிறகும் நீடிக்கும். எனவே, மருத்துவர் பரிந்துரைக்கும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தைத் தவறாமல் இட வேண்டும். மின்விசிறிக் காற்றும் குளிர்சாதனக் காற்றும் முகத்தில் நேராகப் படக்கூடாது. கைப்பேசியைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது. ஆகவே, இடையிடையே கண்களை நன்றாக மூடித் திறக்க வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது.

கடும் வலி, சிவப்பு, பார்வை மங்கல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரை நாட வேண்டும். உங்கள் பாட்டி, “கண் உறுத்துகிறது” என்று சொன்னால், “வயதானால் அப்படித்தான்” என்று விட்டுவிடாதீர்கள். நடுங்கும் கைகளால் சொட்டு மருந்து இடுவது எளிதன்று. அருகில் அமர்ந்து உதவுங்கள்.