மலையின் செய்தியைத் தோள்மாற்றிச் சுமக்கும் கருவிகள்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களுக்கு மண்சரிவு தீராத அச்சமாகும். இலங்கையில் 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டக் குடியிருப்பு மண்ணுள் புதையுண்டது. கேரளத்தில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஓகஸ்ட் 6ஆம் நாள் இரவு தோட்டத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினருமாக 70 பேர் மாண்டனர். அச்செய்தி வெளியுலகை எட்டியதோ மறுநாட் காலையிலேயே.

மலை சரியுமுன் அறிதல் இயலுமா? மழைநீர் மண்ணின் நுண்துளைகளில் நிறைந்து அழுத்தம் மிகும்போது மண் தன் பிடிப்பை இழக்கின்றது. அவ்வழுத்தத்தை அளந்தால் ஓரளவு முன்னறியலாம். மூணாறு அந்தோணியார் குடியிருப்பில் 2005இல் மண்சரிவு நேர்ந்தது. அங்கு அமிர்தா பல்கலைக்கழகத்தார் 2008ஆம் ஆண்டு முதல் கம்பியில்லா உணரிகளின் வலையமைப்பொன்றை நிறுவினர். நிலத்துள் புதைக்கப்பட்ட உணரிகள் நீரழுத்தம், ஈரம், சாய்வு, அதிர்வு ஆகியவற்றை அளக்கின்றன. 2009 யூலையில் பெய்த கடும் மழையின்போது இவ்வளவுகளைக் கொண்டு எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

இத்தகைய கருவிகளுக்கு மின்கலமே உயிர். செய்தியைத் தொலைவுக்கு அனுப்புவதில் மின்சக்தி பெரிதும் செலவாகின்றது. திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் நான்கு மடங்கு சக்தி வேண்டும். தரையை ஒட்டி, மரஞ்செடிகளூடே செல்லும் அலைக்குப் பதினாறு மடங்குவரை தேவைப்படலாம். 100 மீற்றருக்கு ஒரு பங்கு சக்தி போதுமெனின், 200 மீற்றருக்கு 16 பங்கு வேண்டும். நடுவே வேறொரு கருவி செய்தியை ஏற்று அனுப்பினால் இரண்டு பங்கே போதும். நம் விளையாட்டுப் போட்டிகளின் அஞ்சலோட்டம் போன்றதே இது.

அஞ்சலோட்டத்தில் இல்லாத ஒரு நன்மையும் இங்குண்டு. முதற் கருவியின் குரல் இறுதி நிலையத்துக்கும் மெலிதாகக் கேட்கும். அதனையும் இடைக்கருவி அனுப்பும் படியையும் நிலையம் இணைத்துப் பார்க்கும்போது, மழையாலோ மரங்களாலோ ஒன்று சிதைந்தாலும் மற்றது கைகொடுக்கின்றது. இதனையே கூட்டு அஞ்சல்முறை என்பர்.

ஆயினும் நிலையத்துக்கு அண்மையிலுள்ள கருவியே அனைவர் செய்தியையும் சுமந்தால், அதன் மின்கலம் முதலில் தீர்ந்துவிடும். அப்பாலுள்ள கருவிகள் நலமாயிருந்தும் அவற்றின் செய்தி வந்து சேராது. ஆகவே, எவ்வழி தெளிவானது, எவரிடம் எத்தனை சக்தி எஞ்சியுள்ளது என்பவற்றைக் கணக்கிட்டு, சுமையையும் சக்தியையும் பங்கிட வேண்டும். சோர்ந்த கருவிக்கு ஓய்வளித்து அயற்கருவி சுமையை ஏற்கும். மழைக்காலத்தில் இக்கணக்கு இன்னும் இன்றியமையாதது. கதிரவனொளி குன்றி மின்கலம் நிரம்பாத அந்நாட்களிலேதான் மலையின் செய்தி மிகுதியாகத் தேவைப்படுகின்றது.

மாணவச் செல்வங்களே! நாம் வாழும் கிளேட்டனிலேயே மொனாஷ் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. நீங்கள் இன்று பயிலும் வர்க்கமும் பின்னமும் இத்தகைய கணக்குகளின் அடிப்படையாம். நாளை உங்களுள் ஒருவர் இத்துறையில் ஈடுபட்டு, மலையடிவாரத்து லயன்களில் உறங்கும் நம்மவரை உரிய வேளையில் எழுப்புவாராயின், அதனினும் பெரிய மகிழ்ச்சி எமக்கு வேறில்லை.